அடிக்கிற பையனைத் தனியே உட்கார வைக்கலாமா?
வணக்கம் டீச்சர். வாத்து மேய்க்கும் குடும்பத்துப் பையன், வருஷ நடுவில் மூன்றாம் வகுப்பில் சேர்ந்தவன், பக்கத்துப் பிள்ளைகளை அடிக்கிறான், தனியே உட்கார வைத்தும் மாறவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் அந்தத் தனி இடத்தை எடுத்துவிடுங்கள். கூட்டத்தில் ஓர் இடம் கிடைக்காமல்தான் அவன் தவிக்கிறான். பள்ளியில் காலை உணவு கொடுக்கும் நேரம் இதற்கு ரொம்ப நல்லது. தட்டு எடுத்துக் கொடுக்கும் வேலையை அவனுக்கும் இன்னொரு பிள்ளைக்கும் சேர்த்துக் கொடுங்கள். அப்புறம், "நல்ல பையன்" என்று பொதுவாகச் சொல்லாமல் "இன்றைக்கு வரிசையில் பொறுமையாக நின்றாய்" என்று, செய்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள். அடித்தால் தனியாக அழைத்துக் கேளுங்கள், எல்லோர் முன்னும் வேண்டாம்.

அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்ப்பதைப் பற்றி அவனே வகுப்பில் சொல்லட்டும். பிள்ளைகள் விடாமல் கேள்வி கேட்பார்கள், பாருங்கள்.