தங்கமும் கந்தகமும்: கேள்வி பதில்

கே: தங்க சல்பைடு என்று எழுதினால் போதாதா சார், எண் எதற்கு?

போதாது. இரண்டு தங்க அணுவுக்கு ஒரு கந்தகம் என்றால் தங்கம்(1) சல்பைடு, மூன்று கந்தகம் என்றால் தங்கம்(3) சல்பைடு. அடைப்புக்குள் இருப்பது கந்தகத்தின் எண்ணிக்கை அல்ல, ஒவ்வொரு தங்க அணுவின் ஆக்சிஜனேற்ற எண். பழைய புத்தகங்களில் ஆரஸ், ஆரிக் என்று இருக்கும். முதலாவதின் எடையில் 92.5 சதவீதம் தங்கம், அடுத்ததில் 80.4. எண்ணை விட்டால் கணக்கே மாறிவிடும். சல்பைடு வேறு, சல்பைட்டு வேறு என்பதையும் கவனியுங்கள். பின்னதில் ஆக்சிஜன் உண்டு. சயனைடு இல்லாத தங்க முலாம் கரைசலில் இருப்பது அதுதான். ஒரு 'ட்' விட்டால் வேறு புட்டி வந்து சேரும்.

கே: தங்க(3) குளோரைடு கரைசலில் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைச் செலுத்தினேன். கருப்பாக வீழ்படிவு வந்தது, எடைதான் பொருந்தவில்லை.

கரைசல் சூடாக இருந்திருக்கும். அந்த வாயு ஒடுக்கியும்கூட. தங்கத்தின் ஒரு பகுதியை உலோகமாகவே இறக்கிவிடும், தனிக் கந்தகமும் பிரியும். பனிக்கட்டியில் வைத்துச் செய்தாலும் தூய தங்கம்(3) சல்பைடு கிடைப்பது அரிது. புட்டியில் ஒட்டிய பெயரை நான் நம்புவதில்லை. நன்றாக உலர்த்தி, 100 மில்லிகிராமைப் பீங்கான் மூசையில் செஞ்சூடாக்குங்கள். கந்தகம் போய்த் தங்கம் மட்டும் மிஞ்சும். 80.4 மில்லிகிராமுக்குக் குறைந்தால் தனிக் கந்தகம் கலந்திருக்கிறது. 92.5-ஐத் தாண்டினால் உலோகத் தங்கம் இருக்கிறது. இடையில் நின்றால் எடையை மட்டும் வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது.

வாயு விஷயத்தில் கவனம். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும்; நாற்றம் நின்றதை வாயு போய்விட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கே: வீழ்படிவு நைட்ரிக் அமிலத்தில் கரையவில்லையே?

அதில் தனியாகக் கரையாது, ராஜதிராவகம் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்களின் கலவை) வேண்டும். மஞ்சள் அம்மோனியம் சல்பைடிலும் கரையும். ஆர்சனிக், ஆன்டிமனி, வெள்ளீய சல்பைடுகளும் அப்படித்தான்.

கே: 22 கேரட் வளையல் கறுக்கிறது. அது தங்க சல்பைடா?

இல்லை. மீதி 8.4 சதவீதத்தில் இருக்கும் வெள்ளியும் செம்பும்தான் கந்தகத்தோடு சேர்ந்து கறுக்கின்றன. சோப்பு நீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். பிளீச்சிங் பவுடர் பக்கம் போகாதீர்கள், குளோரின் அந்தச் செம்பை அரிக்கும்.

கே: முட்டாள்களின் தங்கம், அதாவது பைரைட், இரும்பு(4) சல்பைடுதானே?

ஒரு இரும்புக்கு இரண்டு கந்தகம் என்பதால், கந்தகம் ஒவ்வொன்றுக்கும் 2 எதிர்மின்சுமை என்று கணக்கிடுவதால் வரும் தவறு இது. இரண்டு கந்தகமும் ஒன்றோடொன்று பிணைந்து, சேர்ந்தே 2 எதிர்மின்சுமையைத்தான் தாங்குகின்றன. அதனால் அது இரும்பு(2) டைசல்பைடு. மெருகில்லாத ஓட்டில் தேய்த்துப் பாருங்கள்: பைரைட் பசுங்கருப்பாகக் கோடிடும், தங்கம் மஞ்சளாக.

கே: மொசைக் தங்கம்?

வெள்ளீயம்(4) சல்பைடு. பொன்னிற வண்ணப்பொடி, தங்கம் துளியும் கிடையாது.