பெர்சியன் பூனைக்குட்டி வாங்கணும், நல்ல பிரீடர்தானான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? ஏமாந்துடுவோமோன்னு பயமா இருக்கு

இதுக்கு பதில் எழுத வேணாம்னுதான் தள்ளிவிட்டுட்டுப் போனேன். ஆனா கீழ ஒருத்தர் "பூனை விக்கிற எல்லாருமே ஃபிராடு, யாரையும் நம்பாதீங்க"ன்னு ஒரே வரில தீர்ப்பு எழுதி வெச்சிருக்காரு, அதப் பாத்ததும் சுருக்குன்னு ஆயிடுச்சு, அதான் அடுப்ப அணைச்சுட்டு வந்து உக்காந்துட்டேன்.

நான் கும்பகோணம் பக்கம். வீட்டுல ரெண்டு பெர்சியன் பொண்ணுங்க இருக்கு. வருஷத்துக்கு ஒருத்திக்கு ஒரு ஈத்துக்கு மேல விடமாட்டேன், சில வருஷம் அதுவும் கிடையாது. குட்டிய காசுக்குத்தான் குடுக்குறேன், அத மறைச்சு என்ன ஆகப்போகுது. அதனால இத ஒரு யாவாரி பேச்சுன்னே வெச்சுக்குங்க, பரவால்ல. விளம்பரம் பண்ண வந்துட்டான்னு சொல்றவங்களுக்கு: இப்ப எங்கிட்ட குட்டி இல்ல, அடுத்த ஈத்து எப்பன்னும் முடிவு பண்ணல.

நீங்க அனேகமா ஏதோ ஒரு ரீல்ஸ் பாத்திருப்பீங்க, பஞ்சு உருண்டையாட்டம் ஒரு குட்டி, "ட்ரிபிள் கோட், ப்ளூ ஐஸ், ஃபுல்லி வேக்சினேட்டட், தமிழ்நாடு முழுக்க டெலிவரி"ன்னு போட்டிருக்கும், வீட்டுல பிள்ளைங்க கிட்டயும் வாங்கித் தர்றேன்னு வாய விட்டிருப்பீங்க. இப்படித்தான் பட்டுக்கோட்டையிலேருந்து ஒருத்தர் எனக்கு போன் பண்ணாரு. பொண்ணுக்கு பொறந்தநாளாம், அன்னிக்கு கையில குட்டி வேணுமாம். என் குட்டிங்களுக்கு அப்ப ஒரு மாசந்தான் ஆகியிருந்துச்சு, அம்மா மடிய விட்டே எறங்கல. சார், மூணு மாசம் ஆகாம நான் குடுக்கறதில்ல, வேணும்னா பொறந்தநாளைக்கு குழந்தைய கூட்டிட்டு வாங்க, ஒரு மணி நேரம் வெளையாடிட்டுப் போகட்டும், எந்தக் குட்டின்னு அவளே பாத்து சொல்லட்டும்னேன். அவரு மொதல்ல "அக்கா அக்கா"ன்னு கெஞ்சினாரு, அப்புறம் ரெண்டாயிரம் கூடப் போட்டுத் தர்றேன்னாரு, அப்புறம் வெச்சிட்டாரு.

எனக்கு குடுக்கறதுல என்ன கஷ்டம்னு நெனக்கிறீங்க? சீக்கிரம் குடுத்தா எனக்குத்தான் லாபம். குட்டி திங்க ஆரம்பிக்கிறதே அந்த ஒரு மாச வயசுலதான், அதுக்கப்புறம் ரெண்டு மாசம் தீனி, அது வெளிக்குப் போற மண்ணு, ஊசி எல்லாம் என் செலவு. ஆனா எட்டு வாரத்துக்கு முன்னாடி தாயப் பிரிச்ச குட்டி சரியா வளராது. கடிக்கிறதுல எது வெளையாட்டு எது வலிங்கிறதையே அது கூடப் பொறந்ததுங்க கிட்டதான் கத்துக்குது. பன்னெண்டு வாரம் வரைக்கும் அம்மாகூட இருந்தா இன்னும் நல்லது, வெளிநாட்டுல பெரிய கிளப்புங்க எல்லாம் அந்தக் கணக்குதான் சொல்றாங்க.

பதினஞ்சு நாள் கழிச்சு ராத்திரி பத்தரை மணிக்கு அதே நம்பர்லேருந்து போன். வேற ஆள்கிட்ட வாங்கிட்டாராம். வெடியக்காலம் பஸ் ஸ்டாண்டுல ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில வெச்சுக் கையில குடுத்துட்டுப் போயிட்டானாம், வீட்டையும் பாக்கல, தாயையும் பாக்கல, காசு மொதல்லயே ஜிபே. ஞாயித்துக்கெழமை வந்த குட்டி, புதன்கெழமை மஞ்சளா நுரை நுரையா கக்குது, தண்ணிக் கிண்ணத்துக்கு முன்னாடி தலையத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்கு ஆனா குடிக்க மாட்டேங்குது. கேட்ட ஒடனே எனக்கு கை கால் வெலவெலத்துப் போச்சு, ஏன்னா பூனை வளக்குற எல்லாருக்கும் தெரியும் அந்த உக்கார்ற விதம். பேன்லுக்கோபீனியா, குட்டிங்கள வாந்தி பேதியில கொல்ற வைரஸ் நோய், நாய்க்கு பார்வோ மாதிரி பூனைக்கு இது. காலைல டாக்டர் நாய் பார்வோ கிட்டுலயே டெஸ்ட் பண்ணிப் பாத்திருக்காரு, அதுலயே இதுவும் தெரியும், பாசிட்டிவ். டிரிப்ஸ் போட்டாங்க. வெள்ளிக்கெழமை போயிடுச்சு.

அதுக்கப்புறம் அவரு எங்கிட்ட சொன்னதுதான் இன்னிக்கும் எனக்கு ஆறல. "நீங்க அன்னிக்கே குடுத்திருந்தா என் புள்ள இப்படி அழுதிருக்க மாட்டா". எப்படி இருக்கு கதை! வித்தவன் போன எடுக்கல, எடுக்கிற என்னைத் திட்டலாம். விக்கிறவங்களும் லேசுப்பட்டவங்க இல்ல, "எங்ககிட்ட நல்லாத்தான் இருந்துச்சு, உங்க வீட்டு சாப்பாடு ஒத்துக்கல"ன்னு சொல்லுவாங்க. இந்த வைரஸ் உள்ள போய் நோய் காட்டவே ரெண்டு நாள்லேருந்து பத்து நாள் வரைக்கும் ஆகும், மூணாம் நாள் கக்குற குட்டி அங்கேருந்தோ வர்ற வழியிலயோ வாங்கிட்டு வந்ததாத்தான் அனேகமா இருக்கும். இன்னொன்னும் அவர்கிட்ட சொன்னேன், கோவத்துல காதுல வாங்கினாரான்னு தெரியல: அது இருந்த எடத்துல இந்தக் கிருமி ஒரு வருஷம் வரைக்கும் கூட உயிரோட இருக்கும், ப்ளீச்சிங் போட்டுத்தான் கழுவணும், மனசு ஆறட்டும்னு ஒடனே ஊசி போடாத இன்னொரு குட்டிய அந்த வீட்டுக்குள்ள விடாதீங்கன்னு.

சரி உங்க கேள்விக்கு வர்றேன். தாயைக் காட்டாதவங்ககிட்ட வாங்காதீங்க. என்ன காரணம் சொன்னாலும். "அம்மா ஊர்ல இருக்கு", "பார்ட்னர் வீட்டுல இருக்கு", "புது ஆளுங்களப் பாத்தா மெரளும்", எல்லாமே ஒரே அர்த்தந்தான், குட்டி எங்க பொறந்துச்சுன்னு அவனுக்கே தெரியாது, அவன் புரோக்கர். வீடியோ காலும் வேணாம், நேர்ல போங்க. போனா தாய் எப்படி இருக்குன்னு பாருங்க. இங்கதான் நெறைய பேரு தப்பா எடை போடுவாங்க, ரெண்டு மாசக் குட்டியோட தாய் பாக்க அழகா இருக்காது, முடியெல்லாம் கொட்டி ஒல்லியாப் போய், வயித்துல பால் குடிச்ச காம்பு தெரியும். எங்க பெரியவ குட்டி போட்டா ஊதுபத்திக் குச்சி மாதிரி ஆயிடுவா. போட்டோவுக்கு நிக்கிற மாதிரி புசுபுசுன்னு ஒன்னக் காட்டி இதுதான் அம்மான்னு சொன்னா எனக்கு சந்தேகம் வரும். தாய் அந்த வீட்டு மனுஷங்க மடியில தானா வந்து ஏறுதா, இல்ல கூண்டுலேயே கெடக்குதா, மூத்திர நாத்தம் மூக்கத் தொளைக்குதா, ஒரே ரூம்ல எத்தன தாய் எத்தன ஈத்து குட்டிங்கன்னு பாத்துட்டீங்கன்னா பாதி தெரிஞ்சிடும்.

அப்புறம் இந்த நீலக்கண்ணு. இதுக்குன்னு தனியா காசு வாங்குறாங்க பாருங்க, அத நெனச்சா சிரிப்பும் வருது எரிச்சலும் வருது. பொறந்த எல்லாப் பூனைக்குட்டிக்கும் கண்ணு நீலந்தாங்க, கொல்லையில திரியிற நாட்டுப்பூனை குட்டிக்கும் நீலந்தான். ஆறு ஏழு வாரத்துக்கு மேலதான் நெஜக் கலர் எறங்க ஆரம்பிக்கும். அதனால "மூணு மாசக் குட்டி"ன்னு சொல்லி சாம்பலா நீலக்கண்ணோட ஒன்னக் குடுத்தா வயசுலயே பொய்யின்னு பெரும்பாலும் வெச்சுக்கலாம். வளந்தும் ரெண்டு கண்ணும் நீலமாவே இருக்குற வெள்ளப் பூனை உண்டு, ஆனா அதுல பாதிக்கு மேல செவிடா இருக்கும், முதுகுக்குப் பின்னாடி கை தட்டிப் பாருங்க. வயசுல சந்தேகம்னா தராசுல வைங்க, வீட்டு சமையக்கட்டு தராசே போதும். பொறக்கும்போது ஏறக்கொறைய 100 கிராம், வாரத்துக்கு ஒரு 100 கிராம் ஏறும், ரெண்டு மாசம்னா 800, 900 இருக்கணும். என் பொண்ணு நோட்டுல கோடு போட்டு எழுதி வெச்சிருக்கா, வாங்குறவங்களுக்கு அந்தப் பக்கத்தையே கிழிச்சுக் குடுத்துடுவோம்.

"ட்ரிபிள் கோட்"னு ஒன்னு கெடையாது. பெர்சியனுக்கு ரெண்டு அடுக்கு முடிதான். பூனைக்கு கே.சி.ஐ பேப்பர், அதாவது கென்னல் கிளப் குடுக்குற இனப் பதிவு சர்டிபிகேட், இருக்குன்னு ஒருத்தன் சொன்னான், கென்னல் கிளப் நாய்க்குங்க! பூனைக்குன்னா சி.எஃப்.ஏ, டி.ஐ.சி.ஏ, டபிள்யூ.சி.எஃப் மாதிரி பூனைங்களப் பதியிற அமைப்போட பேரு இருக்கணும், எங்க ஊர்ப்பக்கம் பேப்பரே இல்லாம குடுக்குறவங்கதான் ஜாஸ்தி, நானும் முன்னாடி அப்படித்தான் குடுத்தேன். பேப்பர் இல்லன்னு நேரடியா சொல்றவங்கள நம்பலாம், நாய் பேப்பரக் காட்டுறவன நம்பக்கூடாது.

ஊசி விஷயம். மொத ஊசியே ஆறு எட்டு வாரத்துல, அப்புறம் மூணு நாலு வாரத்துக்கு ஒருக்கா திரும்பத் திரும்ப, நாலு மாசம் ஆகுற வரைக்கும். ரேபிஸ் மூணு மாசத்துல. அப்ப ஒன்னரை மாசக் குட்டி எப்படிங்க "ஃபுல்லி வேக்சினேட்டட்" ஆகும்? புக்க வாங்கிப் பாருங்க, மருந்து பாட்டில்லேருந்து உரிச்சு ஒட்டுன ஸ்டிக்கர், பேட்ச் நம்பர், டாக்டர் கையெழுத்து, சீல் எல்லாம் இருக்கணும். பேனாவுல தேதி மட்டும் எழுதியிருந்தா அது புக்கே இல்ல. காதுக்குப் பின்னாடியும் மொகத்துலயும் முடி வட்டமா உடைஞ்சிருக்கான்னும் பாருங்க, படர்தாமரை பெர்சியனுக்கு சகஜம், மனுஷங்களுக்கும் ஒட்டும், ஒரு தடவ வந்தா வீடே மாசக்கணக்கா மருந்து தடவிக்கிட்டு இருக்கணும்.

கிட்னி டெஸ்ட் பத்தி கேட்டா பெரும்பாலானவங்க முழிப்பாங்க. பெர்சியனுக்கு பரம்பரையா வர்றது, கிட்னில நீர்க்கட்டி, பி.கே.டின்னு சொல்லுவாங்க. பழைய ஆய்வுகள்ல மூணுல ஒரு பெர்சியனுக்கு இருந்ததா சொல்லியிருக்காங்க. தாய் தகப்பன்ல ஒருத்தருக்கு இருந்தா போதும், குட்டிங்கள்ல பாதிக்கு வர வாய்ப்பு. குட்டியா இருக்கறப்ப ஒன்னும் தெரியாது, ஏழெட்டு வயசுல கிட்னி போகும்போதுதான் தெரியும், அதுக்குள்ள அது எத்தன ஈத்து போட்டிருக்கும்! 2004லயே அதுக்கான ஜீனக் கண்டுபிடிச்சாச்சு, கன்னத்துக்குள்ள பஞ்சுக் குச்சியத் தேச்சு லேபுக்கு அனுப்பினா போதும், ஸ்கேன்லயும் பாக்கலாம். நான் ரெண்டுத்துக்கும் எடுத்தேன், எங்க வீட்டுக்காரர் "எனக்கு சுகர் டெஸ்ட் எடுக்கவே நாலு மாசமா சொல்றேன்"னு ஒரே பொலம்பல். காதுமடிஞ்ச ஸ்காட்டிஷ் ஃபோல்டு வேணும்னு கேக்குறவங்களுக்கு ஒரு வார்த்த: அந்தக் காதை மடக்குற ஜீனே எலும்பு மூட்டு எல்லாத்தையும் கெடுக்கும், நடக்கவே வலிக்கும், யாருகிட்டயும் வாங்காதீங்க.

புரோக்கர்னு மேல எழுதினேன்ல, அந்த வார்த்தையப் பாத்தாலே எங்க வீட்டுல ரத்தக்கொதிப்பு ஏறும். எங்களுக்கு வலங்கைமான் பக்கம் கொஞ்சம் நெலம் இருக்கு. தை மாசம் சம்பா அறுப்புக்கு ஆத்தூர், சேலம் பக்கத்துலேருந்து மெஷின் வரும், வண்டிக்காரன் நல்லவனாத்தான் இருப்பான், ஆனா அவன் நம்பர் நமக்குக் கெடைக்காது, நடுவுல ஒரு ஆளு நிப்பான். மணிக்கு இவ்வளவுன்னு பேசியிருப்போம், மேகம் கூடுச்சோ இல்லையோ ரேட் ஏறும். வயல் ஈரமா இருக்கு டயர் வண்டி எறங்காது, செயின் வண்டிதான்னு அதுக்கு ஒரு ரேட். எங்க மாமா களத்துமேட்டுல நின்னுக்கிட்டு கையெடுத்துக் கும்பிட்டத நான் பாத்தேன். அந்த ஆளுக்கு சொந்தமா ஒரு வண்டியும் கெடையாது, ஒரு சென்ட் நெலமும் கெடையாது, போன் மட்டுந்தான் இருக்கு. கேள்விக்கு சம்பந்தம் இல்லதான், மன்னிச்சிடுங்க, எழுதுனா கொஞ்சம் ஆறும்.

சட்டம் இருக்கேன்னு ஒருத்தர் வருவாரு. 2017ல மத்திய அரசு கொண்டுவந்த பிரீடர் ரூல்ஸ் நாய்க்கு, பேரே நாய் இனப்பெருக்கம், விற்பனைன்னுதான் இருக்கு. 2018ல பெட் ஷாப்புக்குன்னு ஒன்னு வந்துச்சு, கடை வெச்சிருக்குறவங்க மாநில விலங்கு நல வாரியத்துல பதிவு பண்ணியிருக்கணும், கடையில வாங்கினீங்கன்னா அந்த சர்டிபிகேட்டக் கேளுங்க. அட்டைப் பெட்டியோட பஸ் ஸ்டாண்டுல நிக்கிறவன்கிட்ட என்னத்தக் கேக்குறது.

"தெருவுல இத்தன பூனை இருக்கறப்ப காசு குடுத்து எதுக்கு"ன்னு கேக்குறவங்களுக்கும் சொல்லிடுறேன், கேளுங்க, நியாயந்தான். எங்க கொல்லைக்கு வர்ற நாட்டுப்பூனைங்களுக்கு தெனமும் மீன் தலை போகுது, பொட்டைங்களப் புடிச்சு ஆபரேஷன் பண்ணி விட்டிருக்கேன். எங்க டெல்டா வெயில்ல பெர்சியன் வளக்குறது லேசு இல்லங்கறதும் உண்மைதான், அதுலயும் மூஞ்சி சப்பையா உள்ள போன "பஞ்ச் ஃபேஸ்" சித்திரை மாசத்துல மூச்சு வாங்குறதப் பாக்க முடியாது, கண்ணுல எந்நேரமும் தண்ணி. வாங்கறதா இருந்தா மூக்கு கொஞ்சம் வெளிய தெரியிற டால் ஃபேஸா வாங்குங்க. தெனம் முடி வாருறதுக்கு நேரம் இல்லன்னா நாட்டுப்பூனையே போதும், நெஜமாத்தான் சொல்றேன், யாவாரம் போனாலும் போகட்டும்.

நல்ல பிரீடர் உங்களத் திருப்பிக் கேள்வி கேப்பாங்க, கோச்சுக்காதீங்க. மொட்டமாடி கதவு தெறந்தே இருக்குமா, ஊருக்குப் போனா யாரு பாத்துப்பாங்க, பிள்ளைங்க வயசு என்ன, வெச்சுக்க முடியலன்னா திருப்பி எங்ககிட்டயே குடுப்பீங்களா, இதெல்லாம் நான் கேப்பேன். ரேட்ட மட்டும் சொல்லிட்டு "எப்ப சார் அனுப்பட்டும்"னு கேக்குறவன விட்டுடுங்க.

எடுத்துட்டு வர்றப்ப, அங்க என்ன தீனி, என்ன மண்ணு போடுறாங்களோ அதையே ஒரு வாரத்துக்காவது வாங்கிட்டு வாங்க, வந்தன்னிக்கே பால் சோறு போடாதீங்க. பஸ்ஸா இருந்தா காலைல மொத வண்டி, வெயிலுக்கு முன்னாடி வீடு சேந்துடணும், வந்த ரெண்டு நாளைக்குள்ள டாக்டர்கிட்ட காட்டிடுங்க. எங்க பக்கம்னா ஒரத்தநாடு கால்நடை காலேஜ் இருக்கு, உங்க ஊர்ல யாரு பூனை நல்லாப் பாப்பாங்கன்னு குட்டி வாங்கறதுக்கு முன்னாடியே விசாரிச்சு நம்பர வாங்கி வெச்சுக்குங்க.