கோடு நகர்ந்ததா, நான் நகர்த்தினேனா?

மதிப்பிற்குரிய மேடம்,

எனக்கு வயது 28. சொந்த ஊர் விருதுநகர் பக்கம். பெங்களூரில், இதயச் செயலிழப்புக்குப் புது மருந்து தேடும் லேபில் ஐந்தாம் ஆண்டு ஆராய்ச்சி மாணவி. சுண்டெலியின் பெருந்தமனியை 27 கேஜ் ஊசியோடு சேர்த்து நூலால் கட்டிவிட்டு, ஊசியை உருவிவிடுவோம். குறுகிய வழியில் ரத்தத்தைத் தள்ளித் தள்ளிச் சில வாரங்களில் இதயம் தளர்ந்துபோகும். அப்படித் தளர்ந்தவற்றுக்கு எங்கள் மருந்தைக் கொடுத்து எக்கோ எடுத்தேன். நன்றாகவே தேறியிருந்தன. கைடு அதை ஒரு கருத்தரங்கிலும் காட்டிவிட்டார்.

எது மருந்து கொடுத்தது, எது கொடுக்காதது என்று சொல்லாமல் அதே படங்களை ஜூனியர் ஒருவரிடம் கொடுத்து அளக்கச் சொன்னேன். வித்தியாசமே இல்லை. மூன்று வாரமாகிறது, கைடிடம் சொல்லவில்லை. உதவித்தொகை இன்னும் ஐந்து மாதம்தான் வரும். விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. நான்தான் ஏமாற்றிவிட்டேனோ? அப்பாவும் இதயச் செயலிழப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். "உன் மருந்து எப்பம்மா வரும்?" என்று போனில் கேட்பார். இப்போதெல்லாம் அவர் போனை எடுக்கவே பயமாக இருக்கிறது.

பெயர் வேண்டாம்

அன்புள்ள வாசகிக்கு,

மூன்று மணிக்கு உங்களை எழுப்புவது 'ஏமாற்றிவிட்டேனோ' என்ற அந்த ஒரு சொல்தான். ஏமாற்ற நினைக்கிறவர் படத்தை ஜூனியர் கையில் கொடுக்க மாட்டார். நடந்ததைக் கணக்காகப் பாருங்கள். கீழறை விரியும்போது உள்விட்டம் 4 மி.மீ., சுருங்கும்போது 3 மி.மீ. என்றால் சுருக்கம் 25 சதவீதம். எக்கோ படத்தில் சுருங்கிய நிலையைக் குறிக்க நாம் வைக்கும் கோட்டை 0.2 மி.மீ. உள்ளே தள்ளி வைத்தால் அதுவே 30 சதவீதம். திரையில் அது ஒரு நூல் தூரம். மருந்து போட்ட எலி என்று தெரிந்துவிட்டால் கை தானாக உள்ளே போகும். யார் கையும் போகும். அதற்காகத்தான் தெரியாமல் அளக்கிறோம். ஆனால், தெரிந்த பிறகும் மூடி வைப்பது வேறு கணக்கு. மூன்று வாரத்தைத் தயக்கம் என்று சொல்லலாம். மூன்று மாதமானால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ஜூனியரின் அளவும் இறுதித் தீர்ப்பில்லை. கைடைப் பார்க்கும் முன் இரண்டு நாள் உட்காருங்கள். ஒவ்வொரு படத்திலும் இதயத்துடிப்பைக் குறியுங்கள். ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க மருந்து கூடிப்போய்த் துடிப்பு நிமிடத்துக்கு 400-க்குக் கீழே இறங்கிய எலிக்கு, மருந்து எப்படியிருந்தாலும் சுருக்கம் குறைவாகத்தான் தெரியும். அடுத்து, முடிச்சு இருந்த இடத்தில் ரத்தம் பாயும் வேகம், அதாவது டாப்ளர் அளவு. முடிச்சு தளர்ந்த எலிகள் ஒரே குழுவில் சேர்ந்திருந்தால் அந்தக் குழு தேறியதாகவே தோன்றும். மூன்றாவது, நுரையீரல் எடை. இதயம் தளர்ந்தால் நுரையீரலில் நீர் கோத்து எடை கூடும். தராசுக்கு எந்தக் குழு என்று தெரியாது. என்னைக் கேட்டால் இந்த மூன்றில் நான் முதலில் நம்புவது தராசைத்தான். எந்த எலியை எதற்காக விலக்குவது என்ற விதியை மட்டும் எண்களைப் பார்க்கும் முன்பே எழுதி, தேதி போட்டுவிடுங்கள்.

பிறகு மெயில் போடுங்கள். 'சாரி சார்' என்று ஆரம்பிக்க வேண்டாம். "குழு தெரியாமல் அளந்ததில் முடிவு மாறியிருக்கிறது. அட்டவணை இணைத்திருக்கிறேன். வியாழக்கிழமை அரை மணி நேரம் வேண்டும்." இவ்வளவு போதும். அவர் மேடையில் காட்டிவிட்டவர். முதல் ஐந்து நிமிடம் கோபப்படலாம். அதற்கு அங்கேயே பதில் தேட வேண்டாம். "திங்கட்கிழமை மறுபடி வரேன் சார்" என்று எழுந்து வந்துவிடலாம். பழைய அளவையே வைத்துக்கொள்ளச் சொன்னால் விஷயம் டாக்டரல் கமிட்டிக்குப் போக வேண்டும், எழுத்தில். புது எலிகளோடு இன்னொரு பேட்ச் போடச் சொன்னால், அறுவை, காத்திருப்பு, மருந்து, அளவீடு என்று ஐந்து மாதத்தையும் அது விழுங்கிவிடும். உதவித்தொகை நீட்டிப்பைப் பற்றி அதே சந்திப்பில் கேளுங்கள். கூச்சத்தில் தள்ளிப்போடுகிறவர்கள்தான் கடைசி மாதத்தில் கடன் வாங்குகிறார்கள்.

மருந்து வேலை செய்யவில்லை என்று தெரிவதும் இந்தத் துறையில் சின்ன விஷயமில்லை. மில்ரினோன் என்ற மருந்து இதயத்தை நன்றாகவே சுருங்க வைத்தது. 1,088 நோயாளிகளிடம் செய்த சோதனையின் முடிவு 1991-ல் வந்தபோது, அந்த மாத்திரை சாப்பிட்டவர்களிடையே இறப்பு 28 சதவீதம் கூடியிருந்தது. இதயத்துடிப்பை மட்டுப்படுத்தும் பீட்டா பிளாக்கர் மருந்துகளின் கதை நேர் எதிர். தளர்ந்த இதயத்துக்கு அதைக் கொடுக்கவே கூடாது என்றிருந்த காலத்தில், 1975-ல், ஸ்வீடனின் கோதன்பர்க்கில் ஃபின் வாக்ஸ்டீன் குழுவினர் ஏழு நோயாளிகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். அது உயிரைக் காக்கிறது என்பது பெரிய சோதனைகளில் உறுதியானது 1999-ல். உங்கள் அப்பாவின் சீட்டில் மெட்டோபுரோலால் என்ற பீட்டா பிளாக்கர் இருந்தால், அது 24 வருடம் காத்திருந்து வந்த மாத்திரை. அவர் கேட்கும் கேள்விக்கு இதைச் சொல்லலாமே.

தூக்கத்துக்கு: மாலை ஆறு மணிக்குக் கால் மணி நேரம், அரிக்கும் கவலைகளைத் தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், நாளை செய்யக்கூடியது ஏதாவது இருந்தால் அதையும். விழிப்பு வந்து இருபது நிமிடத்தில் தூக்கம் திரும்பாவிட்டால் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் நாற்காலியில் உட்காருங்கள். போனைத் தொட வேண்டாம். இரண்டு வாரத்தில் சரியாகாவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் இரண்டு வாரம் காத்திருக்காமல் உடனே அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் பேசுங்கள். தமிழிலும் பேசுவார்கள், கட்டணமில்லை.

அப்பாவுக்கு உங்கள் மருந்து வரும்வரை செய்ய ஒரு வேலை இருக்கிறது. தினமும் காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடும் முன் எடை பார்த்து உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று பொருள்; அன்றே அவருடைய டாக்டரிடம் பேச வேண்டும். இன்று போனை எடுங்கள். வீட்டில் எடை மெஷின் இருக்கிறதா என்று கேளுங்கள்.