முதலில் எழும்பும் நேரம்

அன்புள்ள அக்கா,

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். எனக்கு வயது 38. இரண்டு பிள்ளைகள். கோட்டையில் ஒரு கணக்குப் பிரிவில் வேலை. வருஷம் பிறந்ததும் நல்ல பழக்கங்கள் என்று ஒரு பட்டியல் போட்டேன்: விடிய 4.30க்கு எழும்புவது, தியானம், தேசிக்காய் விட்ட சுடுதண்ணீர், உடற்பயிற்சி, நாட்குறிப்பு, சீனியை விடுவது. இரண்டாம் கிழமையே எல்லாம் குழம்பிப் போயிற்று. படுக்க எப்படியும் 12.30 ஆகிறது. பகல் முழுக்கத் தூங்கி வழிகிறேன்; ஐந்து தேத்தண்ணி குடித்துத்தான் சமாளிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை 9 மணி வரை படுத்தாலும் களைப்புப் போவதில்லை. பின்னேரம் வீட்டுக்குள் கால் வைத்ததும் பிள்ளைகளில் எரிந்து விழுகிறேன், பிறகு இரவிரவாகக் கவலைப்படுகிறேன். எனக்கு மனவுறுதி இல்லையா? எதைத்தான் முதலில் தொடங்குவது? அவர் 11 மணி வரை ஹோலில் டிவி பார்ப்பவர், அதற்கு என்ன செய்ய?

வாசகி, கொழும்பு 6

அன்புள்ள தங்கைக்கு,

மனவுறுதியில் ஒரு குறையும் இல்லை. 12.30க்குப் படுத்து 4.30க்கு எழும்பினால் கிடைப்பது 4 மணித்தியால நித்திரை. வளர்ந்தவர்களுக்குக் குறைந்தது 7 மணித்தியாலம் வேண்டும். நித்திரை போதாத உடம்புக்கு இனிப்பில் ஆசை கூடும், பொறுமை குறையும், சின்னச் சத்தமும் பெரிய இரைச்சலாகக் கேட்கும். அந்த நிலையில் ஆறு புதுப் பழக்கங்களை ஒரே நாளில் ஏற்றினால் யாருக்கும் முறியத்தான் செய்யும். பட்டியலை மடித்து வையுங்கள். ஒன்றை மட்டும் பிடியுங்கள்: கிழமையின் 7 நாளும் ஒரே நேரத்தில் எழும்புவது. உங்களுக்கு 5.45 சரிவரும்.

படுக்கும் நேரத்தை விட்டுவிட்டு ஏன் எழும்பும் நேரத்தைச் சொல்கிறேன் என்றால், நித்திரையை வா என்று கூப்பிட முடியாது, எழும்புவது உங்கள் கையில் இருக்கிறது. மூளைக்குள், கண் நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சிறிய நரம்புக் கூட்டம் ஒன்று உடலின் கடிகாரமாக வேலை செய்கிறது. இந்தக் கடிகாரம் உயிரணுவுக்குள் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களில் கண்டுபிடித்ததற்காகத்தான் ஹோல், ரொஸ்பாஷ், யங் என்ற விஞ்ஞானிகள் மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பெரும்பாலானவர்களுக்கு அது 24 மணித்தியாலத்தைவிடச் சற்று நீளமாக ஓடும். விட்டால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பின்னுக்குப் போகும். காலை வெளிச்சம்தான் அதை இழுத்துச் சரிப்படுத்துகிறது. ஞாயிறு 9 மணி வரை படுத்தால் அந்தச் சரிப்படுத்தல் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பிந்துகிறது. அன்றிரவு நித்திரை வராது, திங்கட்கிழமை தலை பாரமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அரை மணித்தியாலம் கூடப் படுக்கலாம், 6.15 வரை. அதற்கு மேலே தேவைப்பட்டால் சனி இரவு முந்திப் படுங்கள்.

எழும்பி ஒரு மணித்தியாலத்துக்குள் வெளியே இறங்குங்கள். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; வீட்டு மின்விளக்கின் வெளிச்சம் 100 முதல் 300 லக்ஸ் வரை இருக்கும். மப்பு மூடிய காலையிலும் வெளியே ஆயிரக்கணக்கில் வரும். யன்னலுக்குப் பின்னால் நிற்பது அதற்கு ஈடாகாது. கொழும்பில் வருஷம் முழுவதும் சூரியன் ஏறத்தாழ 5.50க்கும் 6.25க்கும் இடையில் உதிக்கிறது. 6.15 அளவில் மரீன் டிரைவில் கடல் பக்கமாக 30 நிமிஷம், மூச்சு வாங்காமல் கதைக்கக்கூடிய ஆனால் பாடமுடியாத வேகத்தில் நடந்தால் போதும். கிழமையில் 5 நாள் நடந்தால் 150 நிமிஷம். உலக சுகாதார நிறுவனம் கேட்கும் குறைந்த அளவு அதுதான். ஜிம் காசு மிச்சம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தும் வீட்டில் அரை மணித்தியாலம் கிடைக்காது என்பது தெரியும். அப்படியானால் பள்ளிக்கூட வான் வரும்வரை கீழே வெளியில் நில்லுங்கள், பஸ்ஸில் இரண்டு தரிப்பிடம் முந்தி இறங்கி நடவுங்கள்.

அலாரத்தைக் கை எட்டாத இடத்தில் வையுங்கள். முதல் பத்து நாள் பின்னேரத்தில் கண் சொருகும். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். 5 மணிக்கு ஒரு குட்டி நித்திரை கொண்டால் இரவு நித்திரைக்குச் சேர்ந்த களைப்பு செலவாகிவிடும். தாங்க முடியாவிட்டால் 3 மணிக்கு முன் 20 நிமிஷம், அவ்வளவுதான். படுக்கும் நேரத்தை மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிஷம் முன்னுக்குக் கொண்டுவந்தால், மூன்று கிழமைக்குள் 10.45ஐ எட்டலாம்.

தேத்தண்ணிக்கு வருகிறேன். அதிலுள்ள, நித்திரையை விரட்டும் கஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகச் சராசரியாக 5 மணித்தியாலம் எடுக்கும். பின்னேரம் 5 மணிக்குக் குடித்தால் இரவு 10 மணிக்கும் பாதி உள்ளேயே இருக்கிறது. ஆகவே கடைசிக் கோப்பை 2 மணிக்கு முன். ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் சீனி மட்டும் 40 கிராம் அளவில் வரும். ஒரு நாளில் 25 கிராமுக்குள் இருப்பது நல்லது. ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், அப்படி நிறுத்தியதால்தான் இரண்டாம் கிழமை முறிந்தது. கிழமைக்கு அரைக் கரண்டி குறையுங்கள், நாக்கு பழகிக்கொள்ளும். இன்னொன்று: சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு சரியாக எடுக்காது. பெண்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் விடுங்கள். தேசிக்காய்த் தண்ணீர் விருப்பமானால் குடியுங்கள், அது இல்லாமல் ஒன்றும் குறையாது.

மதியச் சோற்றுப் பார்சலில் பாதிக்கு மேல் வெள்ளைச் சோறு. மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கி, மரக்கறியையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டு, பிறகு 10 நிமிஷம் நடந்தால் இரத்தத்தில் சீனி ஏறுவதும் குறையும், 2 மணித் தூக்கமும் குறையும்.

பிள்ளைகளில் எரிந்து விழுவதற்கு நித்திரைக் குறைவோடு பசியும் ஒரு காரணமாக இருக்கலாம். மதியம் 12.30க்குச் சாப்பிட்டு, இடையில் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் மட்டும் என்றால், சனம் நெரியும் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வயிறும் காலி, மனசும் காலி. 4.30க்கு அவித்த கடலை ஒரு கைப்பிடி அல்லது ஒரு வாழைப்பழம் சாப்பிடுங்கள். மாடிப்படி ஏறி முடிந்ததும் கதவைத் திறக்காமல் 2 நிமிஷம் நில்லுங்கள். நாலு எண்ணும்வரை மூக்கால் மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்புத் தணியும். உங்கள் பட்டியலில் இருந்த தியானத்தை இப்போதைக்கு இந்த இரண்டு நிமிஷமாக எடுத்துக்கொள்ளலாம்.

இரவுச் சாப்பாடு 8 மணிக்குள். நித்திரை வர உடம்பின் உள்வெப்பம் கொஞ்சம் இறங்க வேண்டும். கொழும்புப் புழுக்கத்தில் அது இலேசில் இறங்காது. படுக்க ஒரு மணித்தியாலம் இருக்கையில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் குளித்தால் தோலுக்கு இரத்தம் வந்து வெப்பம் வெளியேறும். நுளம்புக்குப் பயந்து யன்னலைப் பூட்டுவதைவிட, நுளம்பு வலை கட்டி யன்னலைத் திறந்து ஃபேனைப் போடுவது மேல். போனை அறைக்கு வெளியே சார்ஜில் போடுங்கள். வெளிச்சத்தைவிடப் பெரிய தொல்லை அதில் வரும் செய்திகளும் ஒவ்வொரு குழுவிலும் நடக்கும் வாக்குவாதமும்தான். நாளைக்குச் செய்ய வேண்டியதை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிவிட்டுப் படுங்கள். நாட்குறிப்புக்குப் பதில் இது போதும். 20 நிமிஷம் போல நித்திரை வராவிட்டால் புரண்டுகொண்டு கிடக்காமல் எழும்பி மங்கல் வெளிச்சத்தில் இருங்கள், மணியைப் பார்க்காதீர்கள்.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்பதை நம்ப வேண்டாம். லண்டன் யூனிவர்சிட்டி கொலிஜ் ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில் சராசரி 66 நாள் எடுத்தது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை வித்தியாசம். ஒரு நாள் தவறியது எதையும் கெடுக்கவில்லை. ஆகவே தவறினால் மறுநாள் 5.45.

ஆறு கிழமை ஒழுங்காகச் செய்தும் களைப்புப் போகாவிட்டால் டொக்டரிடம் போய் ஹீமோகுளோபினும் தைரொய்டும் சோதியுங்கள். பலத்த குறட்டையும் இடையில் மூச்சடைப்பும் இருந்தால் அவ்வளவு காலம் பொறுக்க வேண்டாம். இரண்டு கிழமைக்கு மேல் எதிலும் விருப்பமில்லாமல், அழுகையாகவே இருந்தாலும் அப்படித்தான். அதைப் பழக்கங்களால் மட்டும் சரிப்படுத்த முடியாது. தேசிய மனநல உதவி எண் 1926ஐ எந்த நேரமும் அழைக்கலாம்.

உங்கள் கணவரிடம் டிவியை நிறுத்தச் சொல்லாதீர்கள், சண்டைதான் மிஞ்சும். 10 மணிக்குப் பிறகு ஹோலின் பெரிய லைட்டை அணைத்து, ஹெட்போனில் கேட்கச் சொல்லுங்கள். காலையில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டும் வேலையைக் கிழமையில் மூன்று நாள் அவர் எடுத்தால் உங்களுக்கு அந்த அரை மணித்தியால நடை கிடைக்கும். அதை வெட்கப்படாமல் கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா