சொரிமுத்து என்று பேர் வைக்கலாமா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் இங்கே போட்டுவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். கல்லிடைக்குறிச்சிக்காரர். டெக்சாஸ் வந்து நாலு மாதம். வீட்டில் ஏழாவது மாதம், ஆண் பிள்ளை என்று ஸ்கேனில் சொல்லிவிட்டார்கள் (இங்கே சொல்லுவார்கள்). ஊரில் அப்பா, வழக்கப்படி பேரனுக்குத் தன் பேரைத்தான் வைக்கணும் என்று ஒரே பிடியாக நிற்கிறார். அப்பா பேர் சொரிமுத்து. "இந்தப் பேரு அமெரிக்கால யாருக்காவது இருக்கா அண்ணாச்சி? பள்ளிக்கூடத்துல பையன் பாடு என்னாகும்? பேசாம சாம்னு வச்சுட்டுப் போயிரட்டுமா?"

இருக்கு தம்பி. எனக்கே இருக்கு. 1999-இல் வந்தவன், நியூ ஜெர்சியில் இந்தப் பேரை வைத்துக்கொண்டுதான் வேலை பார்த்தேன், வீடு வாங்கினேன், ஜூரி டூட்டிக்குக்கூடப் போய் உட்கார்ந்தேன். அதனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல என்னை விட்டால் ஆள் கிடைப்பது கஷ்டம்.

முதல் நாள் ஆபீஸில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், அதைத்தானே நீங்கள் பயப்படுகிறீர்கள். மீட்டிங்கில் ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக்கொண்டு வந்தார்கள். என் முறை வந்தது. முழுப் பேரைச் சொல்லித் திணறடிக்க வேண்டாமே என்று, "ஐயாம் சொரி" என்றேன். எதிரே இருந்த வெள்ளைக்கார அம்மா பதறிப்போய் "ஓ நோ, டோன்ட் பி" என்றார். அடுத்த ஆறு மாதம் அந்த மாடி முழுக்க இதுதான் பேச்சு. ஆனால் ஒன்று, அன்றைக்குப் பேர் சொன்ன பதினாலு பேரில் என் பேரை மட்டும்தான் எல்லாரும் அன்றே மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

கேலி எனக்குப் புதிதும் இல்லை. ஊரில் என்ன, வாழவிட்டார்களா? இடையின 'ரி'யை வல்லின 'றி' ஆக்கினால் போதும், சொறிமுத்து. தெருவில் போகிற நாயைக் காட்டி "ஏலே, ஒன் சொந்தக்காரன் போறான்" என்பார்கள். ஐந்தாம் வகுப்பில் எங்கள் வாத்தியாரே வருகைப் பதிவேட்டில் வல்லின 'றி' போட்டு எழுதிவிட்டு, நான் போய்ச் சொன்னதும் "ரெண்டும் ஒண்ணுதாம்ல" என்றார். ரெண்டும் ஒன்றில்லை. சொரிதல் என்றால் பொழிதல். மழை சொரியும், மடி பால் சொரியும். இதை உங்கள் பையனுக்கு நாலு வயசிலேயே சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

பேர் எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. ஆடி அமாவாசைக்குக் குடில் போட்டு மலையில் தங்கின குடும்பமாகத்தான் இருப்பீர்கள். பாபநாசத்துக்கு மேலே, காரையாறு போகிற வழியில், களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குள் தாமிரபரணிக் கரையில் இருக்கிற சொரிமுத்தையனார்தான் மூலம். அகத்தியருக்கு அங்கே காட்சி கிடைத்தபோது வானத்திலிருந்து பூ முத்து முத்தாகச் சொரிந்தது என்று ஒரு கதை. மாடு ஒரு கல்லின் மேல் தானாகப் பால் சொரிந்தது, அந்தக் கல்தான் சாமி என்று இன்னொரு கதை. எங்கள் ஆச்சி இரண்டையும் சொல்லுவாள், ஆள் பார்த்து. சொந்த சாஸ்தா எது என்று தெரியாமல் போனவர்கள் சொரிமுத்தையனாரையே குலசாமியாகக் கும்பிடலாம் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. அதனால்தான் இந்தப் பேர் ஒரே சாதிக்குள் நிற்கவில்லை. எங்கள் தெருவிலும் இருந்தது, ஆற்றுக்கு அந்தப் பக்கமும் இருந்தது.

அங்கே எனக்குப் பிடித்தவர் ஐயனார்கூட இல்லை, பட்டவராயன். பொம்மக்கா, திம்மக்கா இருவரோடும் நிற்கிறவர். அவருக்கு நேர்த்திக்கடன் தோல் செருப்பு. கட்டித் தொங்கவிட்ட புதுச் செருப்பு மறு வருஷம் தேய்ந்து கிடக்கும், சாமி ராத்திரி காட்டுக்குள் போட்டு நடக்கிறது என்பார்கள். சின்னப் பிள்ளையில் அந்தச் செருப்புகளின் அடியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுதான் எனக்கு அமாவாசை. சிங்கம்பட்டி ஜமீன்தார் ராஜ உடையில் தர்பார் உட்காருவதையும் பார்த்திருக்கிறேன். முருகதாஸ் தீர்த்தபதி ராஜா 2020-இல் காலமாகிவிட்டார். சரி, பேச்சு எங்கேயோ போகிறது.

நம் சீமையில் பேர் என்பது பாதி முகவரி. சொரிமுத்து என்றால் அம்பாசமுத்திரம் பக்கம், மலையடிவாரம். கற்குவேல் என்றால் தேரிக்காட்டுப் பக்கம், அங்கே கற்குவேல் ஐயனார். வானமாமலை நாங்குநேரி. நம்பி என்றால் திருக்குறுங்குடி. குற்றாலம் என்று ஆளுக்கே பேர் வைத்தால் தென்காசி. சங்கரநாராயணன் சங்கரன்கோவில், நெல்லையப்பன் திருநெல்வேலி டவுன். 1986-இல் தூத்துக்குடியைப் பிரித்தார்கள், 2019-இல் தென்காசியைப் பிரித்தார்கள். பேர்களைக் கேட்டால் இன்னும் ஒரே ஜில்லாதான். பின்னால் ஒட்டுகிற முத்து மட்டும் எல்லாருக்கும் பொது. சுடலைமுத்து, இசக்கிமுத்து, பேச்சிமுத்து என்று சாமிக்கு ஒன்றாகப் போகும். பாளையங்கோட்டையில் ஞானமுத்து, வேதமுத்து என்று வேதக்காரர்களிடமும் (கிறிஸ்தவர்களிடமும்) இருக்கும். கொற்கை முத்து விளைந்த சீமை, வேறு எதை ஒட்டுவார்கள் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். என் மனைவி, "அம்மை போட்டாலும் முத்துன்னுதான் சொல்லுதோம்" என்பாள்.

ஆனால் இந்தப் பேர்கள் போய்க்கொண்டிருக்கின்றன, தம்பி. என் வகுப்பில் மூன்று சொரிமுத்து. மில் சொரிமுத்து, நெட்டைச் சொரிமுத்து, நான் கடைக்காரச் சொரிமுத்து (தாத்தா வைத்திருந்த பலசரக்குக் கடையை வைத்து). போன தடவை விக்கிரமசிங்கபுரம் போனபோது அப்பாவின் ஓட்டுச்சாவடி வாக்காளர் பட்டியலைச் சும்மா புரட்டினேன். அறுபது வயசுக்கு மேலே போனால் சொரிமுத்துகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். முப்பதுக்குக் கீழே கண்ணில் ஒன்றும் படவில்லை, எல்லாம் 'ஷ்'ஷிலும் 'க்'கிலும் முடிகிற பேர். காரணம் பெரிய ரகசியமில்லை. சென்னையில் வேலை தேடிப் போனபோது சொரிமுத்து என்றதும் எதிரே இருப்பவர் கண்ணில் ஒரு கணக்கு ஓடும்: எந்த ஊர், என்ன ஆளு, எந்தத் தெரு. சுடலை, மாடன் என்று பேர் உள்ளவர்களுக்கு அது இன்னும் மோசம். அந்தக் கணக்குக்குப் பயந்தே பாதிப் பேர் சுரேஷ் ஆனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இங்கே வந்த பிறகுதான் அந்தக் கணக்கு இல்லாமல் என் பேரை ஒருத்தர் கேட்டார். கேட்டவருக்கு 'சாரி' என்று விழுந்தது, அவ்வளவுதான்.

இப்போது நீங்கள் கேட்ட அமெரிக்கக் கணக்கு. இங்கே சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸ் (ஆளுக்கொரு எண் கொடுக்கிற அரசாங்க ஆபீஸ்) 1880-இல் பிறந்தவர்களிலிருந்து தொடங்கி, ஆண்டுவாரியாகக் குழந்தைப் பேர்ப் பட்டியல் வெளியிடுகிறது, இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். ஒரு வருஷத்தில் ஐந்து பிள்ளைகளுக்காவது வைத்த பேர்தான் அதில் வரும். அதற்குக் குறைந்தால் யார் என்று கண்டுபிடித்துவிடலாம் என்பதால் விட்டுவிடுகிறார்கள். என் மகன் பிறந்த 2004-லிருந்து நாலைந்து வருஷத்துப் பட்டியலில் தேடிப் பார்த்தேன், சொரிமுத்து இல்லை. அதனால் இங்கே அவன் வயசுப் பிள்ளைகளில் இந்தப் பேர் அநேகமாக அவன் ஒருத்தனுக்குத்தான் இருக்கும், நல்லதுக்கும் கெட்டதுக்கும்.

அந்தப் பட்டியலில் நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. 1961-லிருந்து 1998 வரை பையன் பேரில் முதலிடம் மைக்கேல். அறுபதுகளில் பிறந்த நூறு பையன்களில் நாலு பேர் மைக்கேல். 2017-லிருந்து முதலிடத்தில் இருக்கிற லியாமை எடுத்தால் நூற்றுக்கு ஒருவன்தான். அதாவது வெள்ளைக்காரர்களே எல்லாரும் வைக்கிற பேரை விட்டு ஓடுகிறார்கள். இன்றைக்கு ஒரு கிண்டர்கார்ட்டன் வகுப்பில் டீச்சர் பேர் வாசிக்கும்போது தடுக்கி விழாத பேர் குறைவு. நான் வந்த காலத்து ஆபீஸ் வேறு, உங்கள் பையன் போகப்போகிற வகுப்பு வேறு.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். எங்கள் முறைப்படி தாத்தா சொரிமுத்து, அப்பா பாபநாசம், நான் சொரிமுத்து. என் மகன் பாபநாசம் ஆகியிருக்க வேண்டும். பயந்துவிட்டேன். ரோஹன் என்று வைத்தேன், யாருக்கும் கஷ்டம் வேண்டாம் என்று. எங்கள் பக்கத்தில் இந்தியப் பிள்ளைகள் அதிகம். முதல் வகுப்பில் அவனோடு சேர்த்து மூன்று ரோஹன். ரோஹன் எஸ் என்றே வளர்ந்தான். அந்த எஸ் சொரிமுத்து. இப்போது காலேஜில் எல்லாரும் அவனைக் கூப்பிடுவது 'முத்து' என்று, அவனாகக் கேட்டு வாங்கிக்கொண்டது. எங்கள் அப்பாவுக்கு அது தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

சாம் விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் கூப்பிட சாம், முத்து என்று எதையாவது வைத்துக்கொள்ளுங்கள், அது துரோகம் ஒன்றும் இல்லை. யோசித்துப் பாருங்கள், நம் வீட்டில் யார் யாரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? எனக்கு இருந்தது ஆச்சியின் புருஷன் பேர், அதனால் ஆச்சி சொல்லமாட்டாள். அம்மாவுக்கு மாமனார் பேர், அவளும் சொல்லமாட்டாள். ஆச்சிக்கு நான் 'ராசா', அம்மாவுக்கு 'துரை'. திட்டும்போதுகூட "அவுக பேர வச்சிக்கிட்டு இப்படித் திரியுதியே" என்பாள் ஆச்சி, பேர் வாயில் வராது. என்னை வளர்த்த இரண்டு பொம்பளைகளும் என் பேரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. தாளில் ஒரு பேர், வாயில் ஒரு பேர் என்பது நாம் விமானம் ஏறிக் கற்றுக்கொண்டதில்லை.

2011-இல் அம்மா ஆறு மாதம் வந்து இருந்தாள். எனக்குச் சர்க்கரை பார்க்க கிளினிக் போனபோது, வீட்டில் தனியாக இருக்கமாட்டேன் என்று கூடவே வந்தாள். உட்கார்ந்திருக்கிறோம். உள்ளே இருந்து கதவைத் திறந்துகொண்டு ஒரு கறுப்பினத்து நர்ஸ், கையில் தாளை வைத்துக்கொண்டு, எழுத்தெழுத்தாக, ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி "சோ-ரி-மூ-தூ!" என்றது. நான் எழும்புவதற்கு முன்னால் அம்மா எழுந்துவிட்டாள். முந்தானையை இழுத்து முதுகோடு போர்த்திக்கொண்டு, கதவுப் பக்கம் பார்த்தபடி நிற்கிறாள். மாமனார் செத்து முப்பது வருஷம் ஆகிவிட்டது. நர்ஸ் அம்மாதான் நோயாளி என்று நினைத்து, "திஸ் வே, ஹனி" என்று கையைப் பிடித்தது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அம்மா காரில் சிரித்துக்கொண்டே வந்தாள். "அந்தப் பிள்ளைக்கு என்ன தைரியம், எங்க மாமா பேர இப்படிச் சத்தமாச் சொல்லுது."

கேலியைவிடப் பெரிய தொந்தரவு காகிதத்தில்தான் இருக்கிறது. நம் பாஸ்போர்ட்டில் கடைசிப் பேர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு எல்லாவற்றையும் முதல் பேரில் போட்டுவிடுவோம். அமெரிக்க விசாவில் அது முழுக்கக் கடைசிப் பேருக்குப் போய், முதல் பேர் இடத்தில் 'எஃப் என் யூ' என்று விழும், முதற்பேர் தெரியவில்லை என்று அர்த்தம். பிறகு லைசென்ஸ், பேங்க் கார்டு எல்லாவற்றிலும் நீங்கள் மிஸ்டர் எஃப்னூ. என் கூட்டாளி ஒருத்தன் இரண்டு வருஷம் அப்படி இருந்தான், லைப்ரரியில் அதுதான் அவன் பேர் என்றே நினைத்தார்கள். உங்கள் பாஸ்போர்ட்டும் அப்படி இருந்தால், அடுத்த விசா ஸ்டாம்பிங்குக்கு முன்னால் கான்சலேட் வழியாகப் பிரித்துப் போட்டு வாங்கிவிடுங்கள். அப்பா அம்மாவுடையதையும் பாருங்கள். ஒற்றைப் பேர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் துபாய் இறங்குவதற்கு 2022 நவம்பரிலிருந்து கெடுபிடி.

எங்கள் வீட்டில் நான் இன்னொரு கோளாறும் செய்தேன். என் கடைசிப் பேர் பாபநாசம், மகனுக்குக் கடைசிப் பேர் சொரிமுத்து. ஏர்போர்ட்டில் ஒவ்வொரு தடவையும் "இது உங்கள் பையன்தானா?" கையில் பிறப்புச் சான்றிதழ் நகல் இல்லாமல் நான் அவனோடு பயணம் செய்ததில்லை. நீங்கள் உங்கள் கடைசிப் பேராக அப்பா பேர் சொரிமுத்துவைப் போட்டிருந்தால், பிள்ளைக்கும் அதுவே கடைசிப் பேராக இருக்கட்டும். முதல் பேரும் அதுவானால் சொரிமுத்து சொரிமுத்து என்று வரும், அது வேண்டாம். முதல் பேர் உங்களுக்கும் வீட்டிலும் பிடித்ததாக ஒன்று, கடைசிப் பேர் தாத்தா. தாத்தா பேரும் நின்றுவிட்டது, குடும்பத்துக்கும் ஒரே பேர் ஆகிவிட்டது. கடைசிப் பேர் வேறு என்றால், தயங்காமல் சொரிமுத்துவையே முதலில் போடுங்கள்.

ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜுக்கு முன்னாலேயே பிறப்புச் சான்றிதழ் ஃபாரத்தை நீட்டிவிடுவார்கள், சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் அதிலேயே வந்துவிடும். தூக்கக் கலக்கத்தில் எழுத்துப் பிழை விட்டால் பின்னால் அலைச்சல், பெரிய மாற்றம் என்றால் கோர்ட் வரை போகும். அதனால் ஸ்பெல்லிங்கை இப்போதே ஒரு சீட்டில் எழுதி ஆஸ்பத்திரிப் பையில் போட்டு வையுங்கள். அப்பா ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். நியூமராலஜி என்று ஒரு எழுத்தைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

கூடவே வீட்டில் அவளிடம் ஒன்று கேட்டு வையுங்கள்: மாமனார் பேரை அவள் வாயால் கூப்பிடுவாளா, இல்லை அவளுக்கென்று ஒரு துரையோ ராசாவோ வேண்டுமா என்று.