மீனுக்கு ஏற்ற சாக்கே எது?

கேள்வி: பணி நிமித்தம் ஒசாகாவில் வசிக்கிறேன். மீன் உணவு கேட்கும்போதெல்லாம் உணவகத்தார், அரிசியிலிருந்து செய்யும் ஜப்பானிய மதுவான சாக்கேயில் ‘காராகுச்சி’ என்னும் டிரை வகையையே எடுத்து வைக்கிறார்கள். டிரை என்பதால்தான் மீனுக்குப் பொருந்துகிறதா? பாட்டிலில் உள்ள +5 என்ற எண் எதைக் குறிக்கிறது?

பதில்: ஜப்பானிய மொழியில் ‘காராய்’ என்றால் காரம் என்றும் பொருள் உண்டு, தமிழ்க் காதுக்கு அது வேடிக்கையாக இருக்கலாம். சாக்கேயைப் பொறுத்தவரை அது இனிப்புக் குறைவையே சொல்கிறது. நீங்கள் பார்த்த எண் ‘நிஹோன்ஷுதோ’. 4 டிகிரி செல்சியஸ் நீரின் அடர்த்தியைப் பூஜ்யமாகக் கொண்டு சாக்கேயின் அடர்த்தியை அளக்கிறார்கள். சர்க்கரை மிஞ்சியிருந்தால் கனம் கூடி எண் மைனஸ் பக்கம் இறங்கும். அது நொதித்து ஆல்கஹாலாகியிருந்தால் பிளஸ் பக்கம் ஏறும். ஆனாலும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம், புளிப்பு மிகுந்த சாக்கே அதன் எண்ணைவிட டிரையாகவே நாக்கில் படும்.

மீனுடன் சேர்வதற்கு முதற்காரணம் டிரைத்தன்மை அன்று, இரும்பு இல்லாமை என்பேன். சிவப்பு ஒயினுடன் மீன் உண்டால் எழும் கவிச்சிக்கு ஒயினிலுள்ள இரும்பே முக்கியக் காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-இல் காட்டினார்கள். இரும்பு சாக்கேயின் நிறத்தையும் மணத்தையும் கெடுக்கும் என்பதால், வடிப்பவர்கள் நீரிலேயே அதைத் தவிர்க்கிறார்கள்; உங்களுக்கு அருகிலுள்ள நிஷினோமியாவின் ‘மியாமிசு’ ஊற்றுநீர் புகழ்பெற்றதற்கு அதில் இரும்பு மிகக் குறைவு என்பதும் ஒரு காரணம்.

டிரைத்தன்மையின் வேலை வேறு: ஒவ்வொரு வாய்க்குப் பின்னும் நாக்கைத் துடைத்துவிடுகிறது. ஜப்பானியர் ‘தாய்’ என்றழைக்கும் வெள்ளைச் சதையுள்ள கடல்மீனைப் பச்சையாக உண்ணும்போது, ஜப்பானின் நீகாதா மாகாணத்து மெல்லிய காராகுச்சியைக் குளிர வைத்து அருந்துங்கள். வைக்கோல் தீயில் மேற்புறம் மட்டும் வாட்டிய சூரைக்கும், உப்பிட்டுச் சுட்ட கானாங்கெளுத்திக்கும் அது போதாது. அவற்றின் கொழுப்பை ஈடுகட்ட, அரிசிச் சுவை நிறைந்த ‘ஜுன்மாய்’ சாக்கேயை 45 டிகிரிக்குச் சூடாக்கிக் கேளுங்கள். மட்டியை வாணலியில் இட்டு, மேலே சாக்கே ஊற்றி மூடினால், ஓடுகள் திறந்து வழியும் உப்புச்சாறு சாக்கேயுடன் கலந்து மங்கலான ரசமாகும். அதற்கு, சமைத்த அதே சாக்கேயே பொருத்தம்.

சோயாவும் சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்க வைத்த மீனுக்கு மட்டும் உணவகத்தாரின் பேச்சைக் கேட்காதீர்கள். அந்த இனிப்பின் முன்னே காராகுச்சி வெறுமையாகித் தொண்டையில் கசக்கும்.