பயணத்தில் வெளிப்பட்டது

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓராண்டாக நானும் என் கணவரும் தேவைக்கு மட்டுமே பேசிக்கொள்கிறோம். எல்லாம் சரியாகிவிடும் என்று அவரே திட்டமிட்டு என்னை வெளிநாட்டுக்கு அழைத்துச் சென்றார். மூன்றாம் நாள் நடைமேடை எண்ணை நான் தவறாகப் படித்ததால் ரயில் போய்விட்டது. நிலைய ஊழியரிடம் நான் விசாரித்தபோது, அந்த ஊழியரின் எதிரிலேயே என் உச்சரிப்பை நடித்துக்காட்டிச் சிரித்தார் என் கணவர். திரும்பி வரும்வரை நான் அவரிடம் பேசவில்லை. ஒரு பயணத்தை வைத்துத் திருமணத்தை எடைபோடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ரயில் போனதை முதலில் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். நேர மண்டலங்களைக் கடந்து செல்பவரின் உடல், புதிய இடத்தின் பகலிரவுக்குப் பழக மண்டலத்துக்கு ஏறத்தாழ ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். மூன்றாம் நாள் தூக்கக் கலக்கத்தில் நின்றிருந்த இருவரில் யார் எண்ணைத் தவறாகப் படித்தார் என்பதில் பொருளில்லை. அப்போது அவர் கோபப்பட்டிருந்தால்கூட நான் பெரிதுபடுத்த மாட்டேன்.

ஆனால் அவர் சிரித்திருக்கிறார். தம்பதிகளை ஆய்வகத்தில் உரையாடவைத்துப் பல ஆண்டுகள் கவனித்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், மணமுறிவை முன்னுணர்த்தும் அறிகுறிகளில் இகழ்ச்சியையே முதன்மையாகக் கருதினார். துணையைத் தன்னைவிடத் தாழ்ந்தவராக வைத்துக் கேலி செய்வது அதில் அடங்கும். (அந்த ஊழியரிடம் அவர் மிகுந்த பணிவோடு பேசியிருப்பார் என்று ஊகிக்கிறேன்.) பேச்சை அடைத்துக்கொண்டு ஒதுங்கிவிடுவதும் காட்மனின் பட்டியலில் இருக்கிறது. அவமானப்பட்டவர் வாயடைத்துப்போவதை நான் கேலிக்குச் சமமாக வைக்கவில்லை. ஆயினும் உங்கள் மௌனம் நாட்கணக்கில் நீண்டதால், தாம் செய்தது என்ன என்பதை உங்கள் வாயால் கேட்கும் கட்டாயம் அவருக்கு வரவேயில்லை.

புதுமையான செயல்களில் சேர்ந்து ஈடுபட்ட தம்பதிகளின் உறவு நிறைவு கூடியதாக உளவியலாளர் ஆர்தர் ஏரனும் சக ஆய்வாளர்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனைகள் காட்டின; ஆகவே உங்கள் கணவரின் எண்ணத்தில் பிழையில்லை. ஆனால் அச்சோதனைகளில் தரப்பட்ட வேலை சில நிமிடங்களில் முடிவது, அதுவும் இருவர் ஒத்துழைத்தால் மட்டுமே முடிவது. ஒருவர் திட்டமிட, மற்றவர் பின்தொடர, வீட்டில் ஒதுங்குவதற்கு இருந்த அலுவலகமும் உறவினரும் தனியறையும் இல்லாமல் இரவும் பகலும் ஒரே அறையில் கழியும் பயணம் முற்றிலும் வேறு.

எனவே பயணத்தை எடைபோடாதீர்கள். அந்தச் சிரிப்பை இதற்கு முன் வீட்டில், பிறர் முன்னிலையில் கண்டதுண்டா என்று நினைத்துப் பாருங்கள். பிறகு, பழைய குறைகள் எதையும் சேர்க்காமல், நிலையத்தில் நடந்ததை மட்டும் அவரிடம் சொல்லுங்கள். “விளையாட்டுக்குச் செய்தேன்” என்பது உடனடியாக வரக்கூடிய பதில். அதோடு விட்டுவிடாமல் அடுத்த பதிலுக்குக் காத்திருங்கள். அப்போதும் அவர் சிரித்தால், திருமண ஆலோசகரிடம் போங்கள், அவர் வர மறுத்தால் தனியாகவேனும்.